மீசையை முறுக்கிய ஆய்வாளர்

“அநியாயத்துக்கு முன்னால இந்தச் சென்னகேசவன் தலை குனிஞ்சதே கிடையாது மேடம்!”

மனுவை இரண்டு கையாலும் நீட்டியபடி, நெற்றி மேஜையில் முட்டும் அளவுக்குக் குனிந்து நின்றுதான் இதைச் சொன்னார். அருப்புக்கோட்டையில் முப்பது பவர்லூம் தறிக்கு முதலாளி. பெல்ட்டுகளுக்கு மூடி போடும்வரை ஒரு தறிகூட ஓடக்கூடாது என்று பாதுகாப்பு ஆய்வாளர் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய் ஆறு நாள் ஆகிறது. அதை ரத்து செய்ய வைக்க, மாவட்ட அலுவலகத்துக்கே மேலதிகாரியைத் தேடி வந்துவிட்டார். சாட்சிக்கு மேஸ்திரி ரத்தினம்.

உள்ளே நுழைந்ததுமே ரத்தினம் அவர் சட்டையை இழுத்தான். “மொதலாளி, ஒரு விசயம்...”

“கேட்டா மட்டும் வாயத் தொற.”

“உக்காருங்க” என்றார் அதிகாரி ராஜேஸ்வரி. “பெல்ட்டுக்கு மூடி இருக்கா, இல்லையா?”

“மூடி எதுக்கு மேடம்? பதினோரு வருசமா மூடி இல்லாமத்தான் ஓடுது. இந்த ஆபீஸ்ல இருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாத்ததில்ல. நல்லாத்தான இருந்தோம்!”

“போன மாசம் ஒரு அம்மாவோட கை பெல்ட்டுல சிக்குச்சாமே?”

“முருகலட்சுமியா? ரெண்டு வெரல்தான் மேடம். அதுவும் எடது கை.”

முருகலட்சுமி ரத்தினத்தின் மனைவி. அதன்பிறகு அவன் முதலாளியின் சட்டையை இழுக்கவில்லை.

“ஆய்வாளர் உங்ககிட்ட எப்படி நடந்துக்கிட்டார்?”

சென்னகேசவன் இதற்காகத்தான் காத்திருந்தார். “மீசைய முறுக்கிக்கிட்டு ‘ஏலே, இங்க வாடா’ன்னான் மேடம்! வாயத் தொறந்தா சாராய நெடி. தறிப் பக்கமே போகல. நான் விடுவனா? ‘மரியாதையாப் பேசு, பெறகு நோட்டீஸ் ஒட்டு’ன்னு நேருக்கு நேரா நெஞ்ச நிமித்தி நின்னேன். ஆளு வெடவெடத்துப் போயிட்டான்!”

அதிகாரி ரத்தினத்தின் பக்கம் திரும்பினார். “அப்ப நீங்களும் இருந்தீங்களா?”

“இருந்தேன் மேடம். மொதலாளி சொல்றத ஒரு எழுத்து விடாம எழுதிக்கங்க.”

அவர் எழுதினார். தாளைத் திருப்பி வைத்ததும் சென்னகேசவன் பட்டையாகக் கையெழுத்துப் போட்டார். ஜெயித்தாயிற்று. நாளைக் காலையில் முப்பது தறியும் ஓடும். உற்சாகத்தில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“நோட்டீஸ ரத்து பண்ணிட்டு, அந்தாளையும் எங்கிட்டாவது தூக்கிப் போட்டுருங்க மேடம். அந்த எடம் காலியாவே கெடக்கட்டும்!”

“காலியாத்தாங்க கெடக்கு” என்றார் ராஜேஸ்வரி, பேனாவை மூடியபடி. “ஆய்வாளர்னு ஒருத்தரப் போட்டே நாலு வருசமாச்சு. அந்த வேலையையும் சேத்து நான்தான் பாக்குறேன். செவ்வாய்க்கிழமை உங்க ஷெட்டுக்கு வந்ததும் நான்தான். மூடி போட்டுட்டுச் சொல்லுங்க, மறுபடி வந்து பாக்குறேன்.”

செவ்வாய்க்கிழமை ராஜேஸ்வரி ஷெட்டில் இருந்த ஒன்றரை மணி நேரமும், சென்னகேசவன் கக்கூஸுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.