கறுப்புத் தொட்டி

எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துப் பிடித்து அப்பாவின் விரல்களை அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை ஓரளவு வெளுத்தது. நகக்கண்ணில் இருந்த கறுப்புதான் போவேனா என்றது.

"விடுடி. எட்டு மணிக்கு மறுபடியும் அதுலதானே கைய விடப் போறேன்."

மகள் அவருடைய சட்டையை எடுத்துக் கொடுத்தாள். கையுறை ஓட்டை, அதனால் விரல் கறுக்கிறது, சரி. ரப்பர் அங்கிக்குள் இருக்கும் முதுகும் வயிறும் எப்படிக் கறுக்கும் என்று கேட்டாள்.

"ஃபேக்டரியில எனக்கு இங்க்பாட்டில்னு பேரு வச்சுட்டாங்கல்ல. உள்ளயும் கொஞ்சம் கசியுது" என்று சிரித்தபடி படியிறங்கினார். வீட்டில் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

ஆலிவ் காய்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை. காய் பச்சையாகத்தான் வரும். சோடாக் காரத்தில் ஊறவைத்துக் கறுக்க வைப்பார்கள். அந்தக் கறுப்பு டப்பாவுக்குள் வெளுத்துவிடாமலிருக்க இரும்பு உப்பு கரைத்த தொட்டியில் போட்டு எடுப்பார்கள். தொட்டி அப்பாவின் பொறுப்பு. டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் மகள்.

அன்று பதினொரு மணிக்குத் தொட்டி ஓரம் முக்காலியிலிருந்து அப்பா சரிந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே போய்விட்டார்.

பிரேதப் பரிசோதனையில் பார்த்தவரை ஈரல், இதயம் எல்லாவற்றிலும் இரும்பு படிந்திருக்கிறது, முழு ரிப்போர்ட் வர நாளாகும் என்றார் டாக்டர். அம்மாவின் காதில் ஒரே ஒரு சொல்தான் ஏறியது. இரும்பு.

அடுத்த வாரம் மேனேஜர் அறையில் விசாரணை. அவரைத் தொட்டிக்கு மாற்றியது யார் என்று மேனேஜர் கேட்டார். நான்தான் என்று சூப்பர்வைசர் எழுந்து நின்றார். அப்பாவுக்கு இருபது வருஷச் சிநேகிதர். அம்மா வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்ட ஆள்.

"மூணு வருஷம் முன்னாடி, மூட்டை தூக்கினா மூச்சு வாங்குதுன்னான். அதான் உக்காந்து பாக்குற வேலையாக் கொடுத்தேன், தங்கச்சி."

"தங்கச்சின்னு சொல்லாத" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "அவரு சோந்து போறாருன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டேன். நீ இரும்புத் தண்ணியில கொண்டுபோய் உக்கார வச்சுக் கொன்னுட்ட."

மேனேஜருக்குப் பழியைச் சுமக்க ஒரு தலை வேண்டியிருந்தது; வலிய வந்து கிடைத்தது. சூப்பர்வைசர் தன்னிடமிருந்த சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். போகிற போக்கில் மகளின் தலையைத் தொடக் கையை நீட்டினார். அவள் தலையை இழுத்துக்கொண்டாள்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் மகளை மட்டும் கூப்பிட்டனுப்பினார்.

தோலில் பட்ட சாயம் இதயம் வரைக்கும் போகாது, தொட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். சிலருக்குப் பிறவியிலேயே உடம்பு அப்படி. சாப்பாட்டில் வரும் இரும்பை வெளியே விடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். மேல்தோல் கறுப்பதும், மூச்சு வாங்குவதும், ஓயாத சோர்வும் அதனால்தான். வம்சத்தில் வருவது என்பதால் அவளும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பேனாவை மூடாமலே ஒன்று கேட்டார்.

"இரும்புச் சத்து மருந்து ஏதாவது சாப்பிட்டாராம்மா? இந்த உடம்புக்கு அது விஷம். பல வருஷத்துல சேர வேண்டியது சீக்கிரமே சேர்ந்திருக்கு, அதான் கேக்கறேன்."

"மருந்துப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாரு டாக்டர். காய்ச்சல் மாத்திரைக்கே கெஞ்சணும்."

ரத்தம் கொடுத்த கையை மடக்கிப் பிடித்தபடியே சூப்பர்வைசர் வீட்டுக்கு நடந்தாள். காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா என்று வழியெல்லாம் யோசனை. கதவில் பூட்டு. குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார்கள், எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை என்றாள் எதிர்வீட்டுக்காரி. மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது தெருவில் ஒருவர்கூட வெளியே வரவில்லையாம்.

மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்தவள், அம்மாவையாவது ஆறுதலாக மூச்சுவிட வைக்கலாம் என்று நினைத்தாள்.

"அப்பாவ யாரும் கொல்லலம்மா. யார் மேலயும் தப்பு இல்ல. அது பிறவியிலேயே..."

அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு படி ஏறினதுக்கே இப்படி மூச்சு வாங்குற. அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

சமையலறை அலமாரியில், டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் குலுக்கினாள். ஸ்பூன் நிறைய ஊற்றினாள்.

"இரும்பு டானிக். கொடுத்தா குடிக்க மாட்டாருன்னு நாலு வருஷமா தினம் காப்பியில கலந்துதான் கொடுத்தேன். நீயாவது அடம் பிடிக்காத. வாயத் திற."