இடப்பக்கம் சாயும் வண்டி

“வண்டியில கை வெக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன் தம்பி. எனக்கு வண்டியப் பத்தி எல்லாம் தெரியும். என்னை ஏமாத்த முடியாது.”

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார் கோதண்டராமன். வண்டியைப் பற்றி அவருக்கு உறுதியாகத் தெரிந்தது சாவியை எங்கே போடுவது என்பது மட்டும்தான். ஆனாலும் மெக்கானிக்குகளை ஆரம்பத்திலேயே ஓர் அதட்டு அதட்டிவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். காதோரம் லேசாக நரைத்திருந்தது. “சொல்லுங்க சார், வண்டிக்கு இன்னா?” என்றான் பணிவாக. அந்தப் பணிவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

செங்கம் ரோட்டில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஏற்கெனவே ஜாக்கியில் ஏறி நின்றது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, அந்தக் காலத்துச் சீமை வண்டி. எப்போது கொண்டுவந்து விட்டோம் என்று யோசித்தார், பிடிபடவில்லை. ஏதோ நினைப்பில் ஓட்டி வந்திருப்போம் என்று விட்டுவிட்டார்.

“வளைவுல திரும்புனா ஜாஸ்தியா சாயுதுப்பா. பின்னாடி ஸ்வே பார்னு ஒண்ணு போடுவாங்களாமே, அதப் போட்டா சாயறது கம்மியாவுமாம்.”

“ஆமாங்க சார். ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவுல மாட்டற இரும்புக் கம்பி. வண்டிய ஒரே பக்கமா சாய விடாது.”

“அது எனக்கும் தெரியும்” என்றார், அப்போதுதான் தெரிந்துகொண்ட கோதண்டராமன்.

“ரேஸுக்குப் போறீங்களா சார்?”

“ரேஸா! கிரிவலப் பாதையில மாடே என்னை முந்திட்டுப் போவுது. இது என் பையனுக்காகப்பா.” அவர் குரல் இறங்கியது.

மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே சுற்றுகிற ரோடு அது. திரும்புவதெல்லாம் வலப்பக்கம், வண்டி சாய்வதெல்லாம் இடப்பக்கம். பையன் உட்காருகிற சீட்டும் இடப்பக்கம்தான்.

“அடி அண்ணாமலைகிட்ட கொஞ்சம் ஷோக்கா திருப்பிட்டேன். புள்ள தலை போயி கதவுல டொம்முனு இடிச்சுது. அழக்கூட இல்லப்பா. ‘இனிமே உன்கூட வரமாட்டேன்’னு எறங்கிப் போயிட்டான். இப்ப நான் சாவிய எடுத்தாலே அவங்கம்மா முந்தானையில போயி பூந்துக்கறான். ஞாயித்துக்கெழம எப்படியாவது அவன இதுல உட்கார வெக்கணும்.”

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தான். “பையன் அத அப்பவே மறந்திருப்பான் சார்.”

“உனக்கெப்படித் தெரியும்? நீ கூட இருந்து பார்த்தியா?”

அவன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அளவு எதுவும் எடுக்கவில்லை. கம்பியைத் தூக்கி வைத்தான், அது சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அத்தனை பழைய வண்டியில் போல்ட்டுகள் ஒரு முனகல்கூட இல்லாமல் கையாலேயே சுற்றின. நாம் வண்டியை வைத்திருக்கிற லட்சணம் அப்படி என்று கோதண்டராமன் தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார்.

டீ வந்தது. சர்க்கரை இல்லை.

“சர்க்கரை வேணாம்னு நான் சொல்லவே இல்லியே?”

“மூஞ்சியப் பார்த்தா தெரியும் சார்.”

மூஞ்சி அவ்வளவு கசப்பாகவா இருக்கிறது என்று பக்கத்திலிருந்த கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்.

ஜாக்கியை இறக்கி, வண்டி தன் காலில் நின்ற பிறகு கடைசி முறுக்கு முறுக்கினான் மெக்கானிக். “ட்ரையலுக்கு நான் ஓட்டறேன் சார். நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க” என்று இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

அடி அண்ணாமலை வளைவு வந்தது. கோதண்டராமன் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். மெக்கானிக்கின் இடது கை ஸ்டியரிங்கை விட்டு வந்து அவர் நெஞ்சுக்குக் குறுக்கே அணைபோல் நின்றது.

வண்டி சாயவில்லை. தலை எங்கும் இடிக்கவில்லை.

“சாயல! சாயலப்பா!” என்று கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார், “இனிமே வருவான் இல்ல?”

“வருவான் சார். நீங்க எப்பக் கூப்பிட்டாலும் வருவான்.”

அவர்கள் திரும்பி வந்தபோது ஒர்க்‌ஷாப் வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பக்கத்தில் குடையோடு நின்றிருந்த வயதான அம்மாள் ஒருத்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“யாருப்பா அது? என்னையே பார்க்குது” என்று கிசுகிசுத்தார் கோதண்டராமன். “என் சம்சாரம் சரோஜா பார்த்தா வம்பாயிடும்பா. அவ சின்ன வயசுக்காரி, கோவம் ஜாஸ்தி.”

மெக்கானிக் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “நல்லவங்கதான் சார். போற வழியில உங்கள வீட்ல எறக்கி விட்டுடுவாங்க. வண்டி இங்கயே இருக்கட்டும்.”

“ஞாயித்துக்கெழம காலையில ரெடியா இருக்கணும், ஆமா!” என்று விரலை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். அந்நியப் பெண்மணி ஆயிற்றே என்று மரியாதையாக ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

குடையை மடக்கிவிட்டு ஏறப்போன அந்த அம்மாளின் கையை மெக்கானிக் பிடித்துக்கொண்டான். ஆட்டோவுக்குள் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்:

“பார்த்துக் கூட்டிட்டுப் போம்மா. நாளைக்கு அப்பா வர்றதுக்குள்ள கம்பியக் கழட்டி வெச்சிடறேன்.”