வடக்கு வாசல்

மத்தியான வெயிலை மறைக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நர்ஸ் மனைவி தரையில் சம்மணமிடுகிறாள். வாளும் குதிரையுமான அந்த வீடியோ கேம் ஒரு மாதமாக அவளுடைய லீவு நாளுக்காகக் காத்திருக்கிறது. டிவியில் ஐந்து ராஜ்யங்களின் கொடிகள் படபடக்கின்றன. "நான் இல்லாம தொடமாட்டேன்னு சொன்னீங்க, தொடவே இல்ல. நல்ல பிள்ளை!" என்று எலக்ட்ரீஷியன் புருஷன் வாயில் ஓர் ஆரஞ்சுச் சுளையைத் திணிக்கிறாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மெல்லுகிறான். பச்சைக் கொடியின் கீழே ஒரு ராணி சிரிக்கிறாள்; பக்கத்தில் 'கோட்டை: 1' என்று எழுதியிருக்கிறது. "பாவம், இவளுக்கு ஒரே ஒரு கோட்டைதான். இவளையே எடுத்துக்கறேன்" என்கிறாள் மனைவி. போன வாரம், அவள் டியூட்டியில் இருந்தபோது, அவன் கொளுத்திச் சாம்பலாக்கிய கோட்டை அது. ஆடிய ஆட்டத்தைத் தடயமில்லாமல் அழித்தும் விட்டான். ராணிக்குக்கூட எதுவும் நினைவில்லை. மனைவியின் கட்டைவிரல் பட்டனுக்குப் போகிறது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. "வடக்கு வாசல்ல நிறைய ஆள நிறுத்திக்கோ, அங்க மதில் ரொம்பத் தாழ்வு" என்கிறான். விரல் அப்படியே நிற்கிறது. கோட்டையின் படம் இன்னும் திரைக்கே வரவில்லை. அவள் மெல்லத் திரும்பி அவனைப் பார்க்கிறாள். ராணி மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.