பொரி சாப்பிட்டது

பெற்றோரின் மணவிலக்குக்குப் பிறகு சிறுமி ஆதிரை அம்மாவோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். அவள் வளர்த்த பொரி என்ற கினிப் பன்றி மட்டும் அப்பா தயாளனிடம் தங்கியது. அது சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது. குடல் அசையவில்லை, வயிற்றில் வாயு கட்டியிருக்கிறது என்றார் மருத்துவர். தயாளன் வேலைக்குப் போகாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு, கரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் புகட்டினான், வயிற்றை நீவிவிட்டான். புகட்டியதெல்லாம் தாடையில் வழிந்தது. ஒரு புழுக்கைகூட விழவில்லை. இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்று இன்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஆதிரை ஃபோன் செய்தாள்.

"அப்பா, பொரி சாப்பிட்டுச்சா?" கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

"சாப்பிட்டுச்சுடா கண்ணு. கொத்தமல்லித் தழை முழுசும் தின்னுடுச்சு."

"அப்பாடா! அதுக்கு முடியலைன்னுதான் அம்மா நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டு வர்றேன்னாங்க. எனக்கு டான்ஸ் ப்ராக்டீஸ் வேற இருக்கு. லீவுக்கு வரட்டுமாப்பா?"

தயாளன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள், "அம்மா, பொரிக்குச் சரியாயிடுச்சு, நாளைக்குப் போக வேணாம்!" என்று உள்ளே பார்த்துக் கூவினாள்.

மடியில் பொரி வலி தாங்காமல் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டுவிடாமல் அவன் ஃபோனைத் தள்ளிப் பிடித்தான்.

"லீவுக்கே வாடா கண்ணு" என்றான்.