காட்டெருமைக்கு வழி

படுக்கையும் அடுப்பும் உள்ள டிரெய்லரைக் காரில் பூட்டிக்கொண்டு, கனடாவிலிருந்து அமெரிக்க தேசியப் பூங்காக்களைப் பார்க்கப் புறப்பட்டார்கள். பரமலிங்கத்தின் பார்வை மங்கிவிட்டதால் இம்முறை மனைவி புனிதவதி ஓட்டினாள். ஒடுங்கிய மலைப்பாதையில் ஒரு காட்டெருமை எதிரே வந்து நின்று தலையைத் தாழ்த்தியது.

“டிரெய்லரோட பின்னுக்கு எடுக்கேலாது, புனிதம். ஆரையாவது உதவிக்குக் கூப்பிடுவம்.”

“நீங்கள் பேசாம இருங்கோ.”

இடப்பக்கம், அவள் இருந்த பக்கம், பள்ளம். பக்கவாட்டுக் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல், ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாகத் திருப்பி, வளைவு முழுவதையும் பின்னோக்கியே கடந்தாள். பள்ளத்தோரம் அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தினாள். எருமை அவசரமில்லாமல் நடந்து வந்தது.

“போயிட்டுதோ?” என்றார் அவர்.

“இல்லை. உங்கட பக்கத்தாலதான் வருது. கண்ணாடியை இறக்குங்கோ, மூச்சு கேக்கும்.”

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு முழுவதும் இறக்கினார்.