திறந்த டம்ளர்

காலை ஆறரை மணி. ஓட்டக்காரியின் படத்துக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்ட செய்தித்தாள் சமையலறை மேசையில் குப்புறக் கிடக்கிறது. கவிழ்த்து வைத்தவன் கணவன். எதிர் நாற்காலியில், ஊக்கமருந்துச் சோதனைக்கு வந்த அம்மாள் காலிக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிறுநீர் வரும்வரை ஓட்டக்காரியை விட்டு அவர் கண்ணெடுக்கக் கூடாது. "எனக்கும் சங்கடமாத்தாம்மா இருக்கு. மெதுவா வரட்டும்," என்கிறார். ஃபிரிட்ஜ் மெல்ல உறுமுகிறது. ஜன்னல் வெயில் ஓட்டக்காரியின் கால்விரலில், ஓடி ஓடிக் கறுத்த நகத்தின் மேல் விழுந்திருக்கிறது. பேருந்து ஓட்டப் போகவேண்டிய கணவன், சீருடைக்குப் பொத்தான்கூடப் போடாமல், ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி நீட்டுகிறான். நீட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். யார் எதைக் கலப்பார்களோ என்று, சாம்பியன் ஆன நாளிலிருந்து அவள் தானே மூடி திருகிய பாட்டிலில்தான் குடிக்கிறாள். அவன் கையாலும் வாங்குவதில்லை. "மறந்தே போச்சு. இரு, பாட்டில் எடுத்துட்டு வரேன்." "அதுதாம்மா உங்களுக்கு நல்லது," என்கிறார் வந்தவர். பின்வாங்கும் அவன் மணிக்கட்டை அவள் பிடிக்கிறாள். "ஊரே கேக்குது. நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே?" "என்னத்தக் கேக்கிறது? உதடெல்லாம் காஞ்சு கிடக்கு." அவள் டம்ளரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாள்.