பச்சைப் புள்ளி

மேசைமேல் இருந்த மவுஸ் தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது; நின்றது; பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அறையில் ஈ காக்கை இல்லை. ஆனால் அலுவலகத்தைக் கேட்டால், க்ளென் காலையிலிருந்து நாற்காலியை விட்டு அசையாமல் உழைக்கிறான் என்றுதான் சொல்லும்.

உழைத்துக்கொண்டுதான் இருந்தான், பாவம். கொல்லையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மடியில் காகிதமும் காதில் பென்சிலுமாக ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி லினெட் போனோடு வந்தாள்.

"பிலிப்பா பேசினா. பத்து மணிக்கு நீ கேமராவுல வரணுமாம். தனியா."

க்ளென் வாளியை விட்டு எழுந்தான். பிலிப்பா அவனுடைய மேலாளர். மெல்போர்னில் தன் வீட்டிலிருந்தே எல்லோரையும் மேய்ப்பவள். அவனுடைய தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. வேலை நிலைக்குமா போகுமா என்பது அவள் வாயில் இருந்தது.

கடலோர ஊரான போர்ட் லிங்கனுக்குக் குடிவந்ததே இந்த வேலையை நம்பித்தான். அதுவரை அடிலெய்டில், நீரிறைக்கும் பம்புகளின் சிப்புகளுக்கு நிரல் எழுதியவன் அவன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். க்ளென் ஐம்பதில் வளைந்தான். வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதப் போகிறேன் என்றதும், பழைய முதலாளி வார்விக் பட்டறையே கேட்கும்படி சிரித்தார்.

"கையால தொட்டுப் பாக்க முடியாதது எல்லாம் ஒரு வேலையாடா? மூணே மாசம். வாலைச் சுருட்டிக்கிட்டு வந்து நிப்ப பாரு."

பம்பு வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் மட்டும் க்ளெனை விடவில்லை. சிப்பில் இடம் கடுகளவு. தப்பாக ஏதாவது ஏற்றிவிட்டால், அதைச் சரிசெய்ய எங்கோ இருக்கும் திராட்சைத் தோட்டத்துக்கு நாள் முழுக்க வண்டியோட்ட வேண்டும். அதனால் முக்கால்வாசி வேலையைக் காகிதத்திலேயே முடித்துவிட்டுத்தான் கணினியைத் தொடுவான்.

புது அலுவலகத்திலோ ஆள் என்றால் திரையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். கை ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். உடனே யாராவது "இருக்கீங்களா?" என்று எழுதுவார்கள். முதல் வாரம் "இருக்கேன், இருக்கேன்" என்று பதில் போட்டே அவனுக்குப் பொழுது போயிற்று.

பிலிப்பாவின் புள்ளி மட்டும் மஞ்சளாகி அவன் பார்த்ததில்லை. ஏதாவது கேட்டால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பதில் வரும். அந்த அம்மாவுக்கு அத்தனை வேலை என்று நினைத்துக்கொள்வான்.

பொறுத்துப் பார்த்தவன், ஒருநாள் உடைந்த பொம்மைக் காரிலிருந்து மோட்டாரைப் பிடுங்கினான். ஐஸ்கிரீம் குச்சியை ஒட்டி, ஒரு சிப்பை வைத்து, மவுஸைத் தட்டிக்கொடுக்கும் சாதனம் ஒன்றைச் செய்தான். அதையாவது ஏனோதானோவென்று செய்தானா? பிறவிக்குணம் போகுமா! நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, நொடி பிசகாமல் அது தட்டியது.

மாட்டிக்கொண்டால் என்ன சொல்வாய் என்று அன்றைக்கே லினெட் கேட்டாள்; பதிலையும் அவளே சொன்னாள். "பேய் நகத்துதுன்னு சொல்லு. நம்பினாலும் நம்புவாங்க."

இன்றைக்கு அவளுக்கும் கேலி வரவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். தேநீரும் லாமிங்டன் கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

திரையில் வந்த பிலிப்பாவின் முகத்தில் சிரிப்பில்லை. கடலில் மீன் படுகிறதா என்று ஒப்புக்கு விசாரித்தாள். பிறகு ஒரு படத்தைத் திறந்தாள். யார் கை எப்போதெல்லாம் அசைந்தது என்று காட்டும் படம். மற்றவர்களுடையது கோழி கிளறிய மண்ணாக இருந்தது. க்ளெனுடையது சீப்பின் பல் வரிசை.

"மனுஷக் கை இப்படி அசையாது, க்ளென்."

மேலிடத்துக்கு இதை இன்னும் காட்டவில்லை என்றும், அதற்கு முன்னால் அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்றும் சொன்னாள்.

பூனை ஏறி மிதித்தது என்று சொல்லலாம். மவுஸ் பழுது என்று சொல்லலாம். முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது? வார்விக்கின் சிரிப்பு அவன் காதில் கேட்டது. லினெட்டுக்கு இந்தக் கடலும் இந்த வீடும் எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நினைத்துப் பார்த்தான். ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நான்தான் செஞ்சேன். வேலைய ஏமாத்தல. யோசிக்கிறப்போ எனக்குக் கை ஓடாது, பழக்கம் அப்படி. புள்ளி மஞ்சளானா சோம்பேறின்னு நெனச்சுடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சாதனத்தை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தான். குச்சி சத்தமில்லாமல் ஒருமுறை காற்றைத் தட்டிவிட்டு அடங்கியது.

பிலிப்பா இமைக்காமல் அதையே பார்த்தாள். எழுந்துபோய்த் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வேலை போயிற்று என்று க்ளென் முடிவே கட்டிவிட்டான்.

அவள் திரைக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினாள்.

"என்னோடது கடகடன்னு வீடே கேக்குது, க்ளென். எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு அனுப்புங்க."